பனிக்காலத்தில் துங்கநாதர்

உத்தராகண்ட் மாநிலம், ருத்ரப்பிரயாகை மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 12,000 அடி உயரத்தில் எழுந்தருளியிருக்கிறார் துங்கநாதர். பஞ்ச கேதாரத் தலங்களுள் மூன்றாவது இது. பாரதப் போருக்குப் பின் பாவம் நீங்க ஈசனைத் தேடி வந்தனர் பாண்டவர்கள். அவரோ காளை உருக்கொண்டு மறைந்தார். பின்னர் அவரது திருமேனியின் பகுதிகள் ஐந்து இடங்களில் வெளிப்பட்டன. அவற்றுள் திருக்கரங்கள் தோன்றிய இடம் துங்கநாத் என்பது தல வரலாறு.

கோடையில் சோப்தா என்னும் இடத்திலிருந்து கல் பாவிய பாதையில் சுமார் 4 கிலோமீட்டர் ஏறினால் கோயிலை அடையலாம். தீபாவளியை ஒட்டிய நாட்களில் நடை சாத்தப்படும். அதன்பின் பனி பொழியத் தொடங்கும். மார்கழி, தை மாதங்களில் பாதை இருந்த சுவடே தெரியாது. சோப்தாவுக்கு வரும் சாலையே அடைபட்டுப்போகும் நாட்களும் உண்டு.

அந்த நாட்களிலும் முதுகில் மூட்டையுடன் நடந்தே மேலேறும் இளைஞர்கள் இருக்கிறார்கள். உயர்ந்த மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதை உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2018இல் தடை செய்துவிட்டதால், அவர்கள் கீழேயே அனுமதியுள்ள இடத்தில் கூடாரமிடுகின்றனர். முதலில் பனியைக் காலால் நன்கு மிதித்து இறுக்கி, அது கெட்டிப்பட்ட பிறகே கூடாரத்தை விரிக்க வேண்டும். இல்லையேல் உடற்சூட்டில் படுக்கையின் அடியில் குழி விழுந்துவிடும். குடிநீருக்குப் பனியைத்தான் உருக்க வேண்டும். பாத்திரத்தில் சிறிது நீர் ஊற்றிவிட்டே பனியைப் போடுவார்கள். வெறும் பாத்திரம் கருகும். நீர்ப்புட்டியைத் தலைகீழாக வைப்பார்கள். மேற்புறம் முதலில் உறைவதால், காலையில் மூடிப் பக்கம் திறந்திருக்கும். மூடிய கூடாரத்துக்குள் குளிருக்காக அடுப்பை எரிப்பது உயிருக்கே ஆபத்து. அதிலிருந்து வரும் நச்சுப் புகைக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. பெரும் பனிப்பொழிவுக்கு மறுநாள் செங்குத்தான சரிவுகளில் கால் வைக்கக் கூடாது. பிள்ளைகள் இத்தகைய பயணம் புறப்பட்டால், அனுபவமுள்ள உள்ளூர் வழிகாட்டி உடன் வருகிறாரா என்று பெற்றோர் கேட்டறிவது நல்லது.

விடியுமுன், பனி இறுகியிருக்கும் வேளையில் புறப்பட்டு, முழங்கால் புதையப் புதைய ஏறி அவர்கள் காண்பது சாத்திய கதவையே. கூரையெங்கும் பனி, மணியோசை இல்லை. வாசலில் நின்று வணங்கிவிட்டுத் திரும்புகின்றனர். அந்த வணக்கமும் வீண்போவதில்லை. ஆனால், உற்சவ மூர்த்தி அப்போது அங்கே இல்லை!

நடை சாத்தியதும் அவர் டோலியில் எழுந்தருளி, வழியெங்கும் கிராம மக்கள் வரவேற்க, கீழே மக்குமட் என்னும் ஊருக்கு வந்துவிடுகிறார். காலனை வென்ற மார்க்கண்டேயரின் பெயரால் விளங்கும் கோயிலில் பனிக்காலம் முழுவதும் அவருக்குப் பூஜை நடைபெறுகிறது. துங்கநாதரைப் பூஜிக்கும் மைதானி அந்தணர்களின் சொந்த ஊரும் அதுவே. பெரும்பாலும் சித்திரையில்தான் மீண்டும் மலையேற்றம். கேதாரநாதரும் மத்யமகேஸ்வரரும் இவ்வாறே உகிமடத்து ஓங்காரேஸ்வரர் கோயிலில் பனிக்காலத்தைக் கழிக்கின்றனர்.

முழங்கால் வலியாலும் மூச்சிரைப்பாலும் மலையேற இயலாமல், இப்பிறவியில் துங்கநாதர் தரிசனம் கிட்டாது என்று ஏங்கும் முதியோர் பலர். மக்குமட் வரை சாலை உண்டு. அங்கும் குளிர் கடுமையே. எனவே மருத்துவரின் ஆலோசனையும் கம்பளி உடைகளும் அவசியம். சாலை நிலையையும் முன்கூட்டி விசாரித்துக்கொள்ள வேண்டும். பனியைக் கடந்து இளைஞர்கள் மேலே சென்று வணங்குவது மூடிய கதவை. ஏற முடியாத பெரியவர்களுக்கோ, கீழே இறங்கி வந்த இறைவனே திறந்த சந்நிதியில் காட்சி தருகிறான்.