பைக்குக்கு எந்த ஆயில்?

"எல்லாம் எஞ்சின் ஆயில்தானே" என்று, காருக்கு வாங்கி மிச்சமானதை பைக்கில் ஊற்றுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். காசு மிச்சம் என்று சந்தோஷம் வேறு!

மேட்டர் என்னவென்றால், பெரும்பாலான பைக்குகளில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில்தான் குளிக்கின்றன. மைலேஜுக்காகப் பல கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் பொருட்கள் சேர்க்கிறார்கள். எஞ்சினுக்கு அது நல்லது. ஆனால் கிளட்ச் பிடிப்பதே உராய்வினால்தானே? அது வழுக்க ஆரம்பித்தால், பின்னால் ஆளை வைத்துக்கொண்டு மேம்பாலம் ஏறும்போது எஞ்சின் கத்தும், வண்டி இழுக்காது. அந்த நேரம் பின்னால் ஒரு லாரி வந்தால்...?

இதற்காகவே ஜப்பானில் 1998-ல் 'ஜாசோ டி 903' என்ற தரம் வந்தது. டப்பாவில் எம்.ஏ அல்லது எம்.ஏ2 என்று இருந்தால், ஆயிலில் நனையும் கிளட்ச்சுக்கு ஏற்றது. எம்.பி என்றால் உராய்வு குறைவு. அது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு.

அடுத்தது 10டபிள்யூ-30, 20டபிள்யூ-50 சமாச்சாரம். 'டபிள்யூ' என்பது குளிர்காலம். அதற்கு முன்னால் உள்ள எண் குறையக் குறைய, குளிரிலும் ஆயில் சுலபமாக ஓடும். பின்னால் உள்ள எண், 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்கிறது. "நம்மூர் வெயிலுக்குக் கெட்டியா ஊத்துங்க" என்று சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. 10டபிள்யூ-30 கேட்கும் வண்டிக்கு 20டபிள்யூ-50 ஊற்றினால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் மேலே ஏறத் தாமதமாகும், மைலேஜும் குறையும்.

விலை அதிகமான ஆயில், நல்ல ஆயில் என்றெல்லாம் தனியாக எதுவும் இல்லை. வண்டிக்குப் பொருந்துகிற ஆயில்தான் உண்டு. எது பொருந்தும் என்பது வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கிறது. அதை ஒருமுறை புரட்டினால் கிளட்ச் பிளேட் காசு மிச்சம் :-)