வாயில்லாப் புழு

பள்ளிக்கூட நோட்டில் உணவுச் சங்கிலி வரையும்போது முதலில் ஒரு சூரியனைப் போடுவோம். அதற்கு மஞ்சள் தீட்டுவதென்றால் எனக்குக் கொள்ளை ஆசை. பிறகு எப்போதோ, ஒரு பழைய இதழில் கலபகோஸ் கடலடிப் படங்களைப் பார்த்தேன். 1977இல் ஆல்வின் நீர்மூழ்கியில் சுமார் 2,500 மீட்டர் ஆழத்துக்கு வெந்நீர் ஊற்றைத் தேடிப் போன குழுவில் உயிரியலாளர் ஒருவர்கூட இல்லை. கும்மிருட்டில் அவர்கள் கண்டதோ கூட்டம் கூட்டமாய்ச் சிப்பிகள். வெள்ளைக் குழாய்க்குள்ளிருந்து ரத்தச் சிவப்பில் தலை நீட்டும் ஆளுயரப் புழுக்களும் அங்கே இருந்தன.

அந்தப் புழுவுக்கு வாயில்லை, குடலும் இல்லை. அதன் உடலில் கந்தகப் படிகங்கள் கிடந்ததாக ஒரு விரிவுரையில் கேட்ட ஹார்வர்டு மாணவி காலீன் கேவனா, கந்தகத்தைக் கொண்டு உணவாக்கும் பாக்டீரியா உள்ளே குடியிருக்க வேண்டும் என்று அங்கேயே எழுந்து சொன்னாராம். 1981இல் அது ஆய்வுக் கட்டுரையாக வந்தது.

சூரியனே வேண்டாத உயிர் என்று இதைச் சொல்வார்கள். எனக்கு அது முழுக்க ஒப்பவில்லை. அந்தப் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜனோ மேலே வெயிலில் வாழும் பாசிகளும் செடிகளும் தந்தது. நோட்டுப் புத்தகச் சூரியன் அங்கேயும் எட்டிப் பார்த்துவிடுகிறது.

அதனால்தான், சூரியனின் துணையில்லாத உயிரைத் தேடி என் மனம் லாஸ்ட் சிட்டி என்ற இன்னொரு கடலடி ஊற்றிடம் போகிறது. அதை 2000ஆம் ஆண்டு அட்லாண்டிக்கில் கண்டுபிடித்தார்கள். வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புக் கோபுரங்கள்; ஒன்று சுமார் 60 மீட்டர் உயரம். அங்கே எரிமலைக் குழம்பின் கொதிப்பு இல்லை. பாறைக்குள் இறங்கும் கடல்நீர் அதிலுள்ள இரும்போடு வினைபுரிந்து ஹைட்ரஜனை விடுவிக்கிறது. வெளியே வரும் நீர் கடுங்காரம். இப்படிப்பட்ட ஊற்றில்தான் உயிர் தொடங்கியிருக்கும் என்று புவியியலாளர் மைக் ரஸ்ஸல் அதற்கு முன்பே சொல்லியிருந்தார். உயிர் தொடங்கிய காலத்துக் கடல் கரியமில வாயு கரைந்து லேசாகப் புளித்திருந்தது. உள்ளே காரம், வெளியே அமிலம், நடுவே மெல்லிய கனிமச் சுவர். சுவரின் இருபுறமும் புரோட்டான் அளவில் ஏற்றத்தாழ்வு. நம் செல்கள் ஆற்றல் எடுப்பதும் இதே ஏற்றத்தாழ்வில்தான். இதை 1961இல் உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல் சொன்னபோது பலர் நம்பவில்லை, 1978இல் நோபல் கொடுத்தார்கள்.

செல் பிறப்பதற்கு முன்பே பாறை அந்த ஏற்றத்தாழ்வை உண்டாக்கிக்கொண்டிருந்தது என்ற எண்ணம் என்னை விடுவதாக இல்லை. ஆனால், எங்கும் நீராக இருக்கும் இடத்தில் ஆர்என்ஏ போன்ற நீண்ட சங்கிலிகள் உருவாவது கடினம். வற்றி வற்றி நிறையும் நிலத்துக் குட்டைகளில் அது எளிது என்கிறார்கள் மறுதரப்பினர். ஊற்றின் பக்கம் நிற்பவர்கள் இதற்கு இன்னும் பதில் சொல்லியாக வேண்டும்.