வேலை போன வீடுகளைச் செதுக்கியவர்

பெர்லினில் யு2 ரயிலில் ஏறி செனஃபெல்டர்பிளாட்ஸ் நிலையத்தில் இறங்கினேன். வெளியே கல் அச்சைக் கண்டுபிடித்த அலோய்ஸ் செனஃபெல்டரின் சிலை. பீடத்தில் ஒரு குழந்தை அவர் பெயரை இடவலம் மாற்றி எழுதுகிறது. அச்சிட்டால்தான் எழுத்து நேராக வரும்! கேத்தே கோல்விட்ஸின் பேட்டைக்கு இதைவிடப் பொருத்தமான வாசல் கிடையாது.

சற்றுத் தூரம் நடந்தால் அவர் பெயரில் உள்ள சதுக்கம். 1891 முதல் 1943 வரை, அரை நூற்றாண்டுக்கும் மேல், கேத்தே இங்கேதான் குடியிருந்தார். கணவர் கார்ல், தொழிலாளர் குடும்பங்களுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர். அவரைப் பார்க்க வந்த பெண்கள் கேத்தேயிடமும் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

அப்படிக் கேட்டவை படங்களாயின. 1909இல் உலோகத் தகட்டில் செய்த ஒரு படத்தின் பெயரே ‘வேலையின்மை’. தாயும் பிள்ளைகளும் கட்டிலில் கிடக்கிறார்கள். அருகே கணவன் இருட்டில் குந்தியிருக்கிறான். அவன் முகத்தைப் பார்த்தால் அதட்டவும் மனம் வராது, ஆறுதல் சொல்லவும் வாய் வராது.

தைல ஓவியம் ஒரே ஒரு பணக்காரர் வீட்டில் தொங்கும். அச்சுப் படமோ தெருச்சுவர் வரை போகும். 1906இல் வீட்டிலிருந்து கூலி வேலை செய்வோர் பற்றிய கண்காட்சிக்குக் களைத்துப்போன ஒரு பெண்ணின் முகத்தைச் சுவரொட்டியாகச் செய்தார். அதை அகற்றினால்தான் வருவேன் என்றார் ஜெர்மானியப் பேரரசி. ஒரு காகிதத்துக்கு அரண்மனை பயந்திருக்கிறது!

1925இல் வெளிவந்த ‘பாட்டாளி வர்க்கம்’ மரச்செதுக்குத் தொகுப்பில் மூன்றே தாள்கள். வேலையற்றோர், பசி, குழந்தைச் சாவு. விளக்கமே வேண்டாம், அடுக்கிய வரிசையே கதை சொல்லிவிடுகிறது. சீன எழுத்தாளர் லூ சுன் 1936இல் கேத்தேயின் படங்களைத் தொகுத்து வெளியிட்டார். அவர் வளர்த்த மரச்செதுக்கு மரபுதான் 1950களில் சிங்கப்பூர் ஓவியர்களின் கைக்கும் வந்தது.

கேத்தேயின் வீடு 1943 குண்டுவீச்சில் அழிந்துவிட்டது. இன்று சதுக்கத்தைச் சுற்றிலும் கோப்பிக் கடைகள். பசியாறப் போனவன், விலையை ரிங்கிட்டில் கணக்குப் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வேலை போனவர் எவரும் இனி இங்கே வாடகைக்கு வர முடியாது.

நடுவே பூங்காவில் கேத்தேயின் வெண்கலச் சிலை, குஸ்தாவ் சைட்ஸ் செய்தது. முதிய கேத்தே அமர்ந்திருக்கிறார். இரண்டு பொடியன்கள் அவர் மடியில் ஏறி உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள்.