வெள்ளைச் சட்டை, கறுப்பு பேட்ஜ், 2 வருடப் பிரிவு... சால்ட் லேக் சிட்டியின் மிஷனரி பிள்ளைகள்!

நம்மூரில் ஒரு பையன் முதல்முறையாக வெளிநாடு போகிறான் என்றால் வேன் பிடித்து 15 பேர் ஏர்போர்ட்டுக்குப் போவோம். அவன் திரும்பி வரும்போதும் அதே வேன், அதே கூட்டம். அமெரிக்காவில் இந்தப் பழக்கத்தை அதிகம் பார்க்க முடியாது. ஏர்போர்ட் வாசலில் கார் நிற்கும், ஆள் ஏறுவார், கார் கிளம்பிவிடும்.

யூட்டா மாநிலத்தின் தலைநகரான சால்ட் லேக் சிட்டி மட்டும் விதிவிலக்கு. 2020-ல் திறக்கப்பட்ட அதன் புதிய விமான நிலையத்தில், வருகிறவர்களுக்காகக் காத்திருக்கும் குடும்பங்களுக்கென்றே பெரிய ஹால் ஒன்று கட்டியிருக்கிறார்கள். உட்கார சோஃபாக்கள், குளிர் காய அடுப்பு என வீட்டு வரவேற்பறை மாதிரி இருக்கிறது. காரணம், இந்த ஊருக்கு அடிக்கடி வந்து இறங்கும் ஒரு தனி ரகப் பயணிகள்... மிஷனரி ஊழியம் முடித்துத் திரும்பும் 20, 21 வயதுப் பிள்ளைகள்!

பெரியம்மா மகள் சால்ட் லேக் சிட்டிக்குத் தெற்கே லீஹை என்ற ஊரில் இருக்கிறார். அங்கே ஐ.டி கம்பெனிகள் அதிகம். அதனால் நம்மவர்களும் கணிசமாக இருக்கிறார்கள். அக்கா வீட்டில் தங்கி இந்த ஊர்ப் பிள்ளைகளைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க முடிந்தது.

மார்மன்கள் யார்?

'மார்மன்' என்று உலகம் கூப்பிடும் இவர்களின் சபைக்கு முழுப்பெயர் 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை'. முழுப்பெயரையே சொல்லுங்கள் என்று 2018 முதல் சபைத் தலைமை வலியுறுத்துகிறது. 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்ற இளைஞர் தொடங்கிய சபை இது. பைபிளோடு 'மார்மன் புத்தகம்' என்ற நூலையும் வேதமாகக் கொள்கிறார்கள்.

போன இடமெல்லாம் எதிர்ப்பு. 1844-ல் ஜோசப் ஸ்மித் ஒரு கும்பலால் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்து வந்த பிரிகாம் யங், மக்களை மாட்டு வண்டிகளில் மேற்கே அழைத்துப் போனார். 1847 ஜூலை 24 அன்று, மலைகள் சூழ்ந்த இந்த வறண்ட பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தத் தேதி இன்றும் யூட்டாவில் அரசு விடுமுறை. ஆரம்பத்தில் இருந்த பலதார மணத்தை 1890-ல் சபை கைவிட்டது. கறுப்பின ஆண்களுக்கு குருத்துவப் பொறுப்பு கிடைத்தது 1978-ல்தான். பெண்களுக்கு அது இன்றுவரை இல்லை. அழகான ஊர்தான், ஆனால் இந்த விவாதங்களும் அங்கே உண்டு.

கோயிலில் இருந்து தொடங்கும் முகவரி

மதுரையில் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி வீதிகள் விரிவது போல, சால்ட் லேக் சிட்டியில் தெருக்களின் எண்கள் 'டெம்பிள் ஸ்கொயர்' வளாகத்தில் தொடங்குகின்றன. '300 தெற்கு' என்றால் ஆலயத்தில் இருந்து தெற்கே மூன்றாவது தெரு. வழி தொலைந்தாலும், ஆலயத்தில் இருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறோம் என்று தெரிந்துவிடும்.

அந்த ஆலயத்தைக் கட்ட 40 வருடங்கள் ஆகியிருக்கின்றன. 1853-ல் தொடங்கி 1893-ல் முடித்திருக்கிறார்கள். கற்கள் பக்கத்து மலைப் பள்ளத்தாக்கில் இருந்து வந்த கிரானைட். நிலநடுக்கத்தைத் தாங்கும்படி பலப்படுத்துவதற்காக 2019 கடைசியில் ஆலயத்தை மூடினார்கள். மூடிய சில மாதங்களில், 2020 மார்ச்சில், 5.7 ரிக்டர் அளவில் நிலநடுக்கம் வந்தது. உச்சியில் நிற்கும் தேவதூதர் சிலையின் கையில் இருந்த எக்காளம் கீழே விழுந்துவிட்டது!

இவர்களின் ஆலயத்துக்குள் தகுதி பெற்ற உறுப்பினர்கள் மட்டும்தான் போகலாம். ஆனால், வேலை முடிந்தபின் 2027 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பொதுமக்களையும் உள்ளே விடப்போவதாக அறிவித்திருக்கிறார்கள். 1893-க்குப் பிறகு இதுதான் முதல்முறை. அந்தப் பக்கம் போகும் திட்டம் இருப்பவர்கள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வளாகத்தைச் சுற்றிக் காட்டுவது இளம்பெண் மிஷனரிகள். சட்டையில் பெயர் பேட்ஜ், பக்கத்தில் அவரவர் நாட்டின் கொடி. எந்த நாட்டுப் பயணி வந்தாலும் அவர் மொழி பேசும் ஒருவரைத் தேடிப் பிடித்துவிடுகிறார்கள். கட்டணம் எதுவும் இல்லை.

எந்த ஊர் என்று தெரியாது!

இன்று 80,000-க்கும் மேற்பட்ட மிஷனரிகள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஆண்கள் 18 வயதில் போகலாம், ஊழியக் காலம் 2 வருடம். பெண்களுக்கு 18 மாதம். முன்பு ஆண்களுக்கு 19, பெண்களுக்கு 21 என்று இருந்த வயதை 2012-ல் குறைத்தார்கள். அதன்பிறகு பெண்கள் போவது நன்றாகவே கூடியிருக்கிறது. ஆண்களுக்கு இது கடமை, பெண்களுக்கு விருப்பம் என்பது சபையின் நிலை.

சம்பளம் கிடையாது. மாதாமாதம் சில நூறு டாலர்களை அவர்களேதான் கட்ட வேண்டும். அதற்காகச் சின்ன வயதிலேயே உண்டியலில் சேர்க்க ஆரம்பிக்கிறார்கள். புல் வெட்டுவது, பனி அள்ளுவது எனப் பள்ளிக் காலத்தில் சம்பாதிக்கும் காசும் அதற்குத்தான் போகும்.

எந்த நாட்டுக்குப் போகிறோம் என்பதை அவர்கள் தேர்வு செய்ய முடியாது. சபைத் தலைமைதான் முடிவு செய்யும். முன்பு பெரிய வெள்ளை உறையில் தபாலில் வரும் அந்தச் செய்தி, 2018 முதல் ஆன்லைனில் வருகிறது. சொந்தபந்தம் எல்லாம் ஹாலில் கூடியிருக்க, பையன் எழுந்து நின்று வாசிப்பான். ப்ளஸ் டூ ரிசல்ட்டுக்கு மொத்தக் குடும்பமும் ஒரு போனைச் சுற்றி நிற்போமே, அதே படபடப்பு! பிரேசில் என்றும் வரலாம், பக்கத்து மாநிலம் என்றும் வரலாம்.

பிறகு பயிற்சி. சால்ட் லேக் சிட்டியில் இருந்து தெற்கே சுமார் 70 கிலோமீட்டரில் உள்ள புரோவோ நகரத்தில்தான் இவர்களின் மிகப் பெரிய பயிற்சி மையம் இருக்கிறது. 50-க்கும் மேற்பட்ட மொழிகள் கற்றுத் தருகிறார்கள். சில வார வகுப்போடு முன்பின் தெரியாத நாட்டுக்கு விமானம் ஏறிவிட வேண்டும். மிச்சத்தைத் தெருவில் கற்றுக்கொள்கிறார்கள். புரோவோவில் இருக்கும் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் பாதிக்கும் மேற்பட்ட மாணவர்கள் இரண்டாவது மொழி பேசுவதற்குக் காரணம் இதுதான்.

காலை 6:30 முதல் இரவு 10:30 வரை

வழக்கமான கால அட்டவணை இப்படி இருக்கும். 6:30-க்கு எழ வேண்டும். அரை மணி நேரம் உடற்பயிற்சி. குளியல், சாப்பாடு. 8 மணியில் இருந்து வேதப் படிப்பு, மொழிப் படிப்பு. 10 மணிக்கு வெளியே கிளம்பினால் இரவு 9 மணி வரை வெளியில்தான். 10:30-க்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். நாட்டுக்கு ஏற்றபடி நேரத்தை மாற்றிக்கொள்ள 2017 முதல் அனுமதித்திருக்கிறார்கள்.

சினிமா இல்லை. காதல் இல்லை. டீ, காபி, மது, சிகரெட் இந்தச் சபையில் யாருக்குமே கிடையாது. மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம். இரண்டு வேளை சாப்பாட்டை விட்டு, அந்தக் காசை ஏழைகளுக்கெனக் கொடுக்கிறார்கள்.

சொந்தப் பெயரையும் தூக்கி உள்ளே வைத்துவிட வேண்டும். ஆண் என்றால் 'எல்டர்', பெண் என்றால் 'சிஸ்டர்', கூடவே குடும்பப் பெயர். மாலை போட்டவரை வயது பார்க்காமல் 'சாமி' என்று கூப்பிடுகிறோமே, அப்படித்தான். என்ன, நமக்கு ஒரு மண்டலம். இவர்களுக்கு 2 வருடம்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமான விதி, தனியாக இருக்கக் கூடாது என்பது. எப்போதும் ஒரு ஜோடி மிஷனரியின் பார்வையில், காதுக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஜோடியை இவர்கள் தேர்வு செய்ய முடியாது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றம் வரலாம், வராமலும் போகலாம். குறட்டை விடுபவரோ, பாத்திரமே கழுவாதவரோ... யாராக இருந்தாலும் சேர்ந்துதான் வாழ வேண்டும். திரும்பி வந்தவர்களிடம் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டால், மொழிக்கு முன்பாகப் பலர் சொல்வது இதைத்தான்.

வாரத்தில் ஒருநாள், பெரும்பாலும் திங்கள், துணி துவைக்க, மளிகை வாங்க, வீட்டுக்கு எழுத. 2019 வரை வீட்டுக்கு போன் பேச வருடத்துக்கு இரண்டே நாள்கள்தான், கிறிஸ்துமஸும் அன்னையர் தினமும். அந்த வருடம் பிப்ரவரியில்தான் வாராவாரம் பேசலாம் என்று மாற்றினார்கள். அக்காவின் பக்கத்து வீட்டுப் பாட்டி இதைச் சொல்லும்போது, "இந்தக் காலத்து அம்மாக்கள் கொடுத்துவைத்தவர்கள்" என்று சிரித்தார். அவருடைய மூன்று மகன்களும் பழைய விதியில் போய் வந்தவர்கள்.

டீ வேண்டாம்... மோர்?

நான் இருந்தபோது ஒரு சனிக்கிழமை அக்கா வீட்டுக் கதவையும் தட்டினார்கள். இரண்டு பையன்கள், ஒருவனுக்கு மீசைகூட சரியாக முளைக்கவில்லை. "நாங்க கோயிலுக்குப் போறவங்க. மதம் மாறும் எண்ணம் இல்லை" என்று அக்கா நேராகவே சொல்லிவிட்டார். அவர்கள் முகம் மாறவில்லை. வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார்கள். மாமா மூன்று வாரமாக நகர்த்தாமல் வைத்திருந்த சோஃபா ஞாபகம் வந்தது. டையைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு, மாடிக்குத் தூக்கி வைத்தார்கள்.

அக்கா டீ போடப் போக, தயங்கி மறுத்தார்கள். மோர் கொடுத்தார். இஞ்சி, கறிவேப்பிலை மிதந்த டம்ளரை மூத்தவன் குடித்து முடிக்க, இளையவன் ஒரு வாய் குடித்துவிட்டுத் திருதிருவென முழித்தான்.

ஒருநாளில் எத்தனை கதவு திறக்கும் என்று கேட்டேன். திறக்காத நாள்களும் உண்டாம். முதல் மாதம் அழுகை வந்ததாக இளையவன் சொன்னான். பிறகு ஏன் தொடர்கிறாய் என்றதற்கு அவன் யோசித்துச் சொன்ன பதில் இது... வீட்டில் இருந்தபோது அப்பா அம்மாவின் நம்பிக்கையைத்தான் தன்னுடையது என்று நினைத்திருந்தானாம். முன்பின் தெரியாதவர்கள் கேள்வி கேட்கும்போதுதான், தனக்கென்று எது இருக்கிறது, எது இல்லை என்று தேட ஆரம்பித்தானாம். 18 வயதில் என்னிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

பாதியில் திரும்பினால்?

காபி குடிக்காத ஊர் என்பதால் இங்கே தெருவுக்குத் தெரு சோடா கடைகள். கோலாவில் தேங்காய் சிரப், க்ரீம் எல்லாம் கலந்து 'டர்ட்டி சோடா' என்று விற்கிறார்கள். அப்படி ஒரு கடையில் வேலை பார்க்கும் பையன், அக்கா மகளின் நீச்சல் வகுப்பு மூலம் தெரிந்தவன். அவன் மிஷனில் இருந்து ஏழாவது மாதத்தில் திரும்பியவன்.

தூக்கமில்லை, நெஞ்சு படபடப்பு. டாக்டர் பார்த்து, பதற்றநோய் என்று சொல்லி அனுப்பி வைத்திருக்கிறார்கள். அவன் இறங்கிய அன்றும் ஏர்போர்ட் ஹாலில் பலூன்களோடு ஒரு கூட்டம் நின்றிருக்கிறது, வேறு ஒருவனுக்காக. இவனுக்காக வந்தது அப்பாவும் அம்மாவும் மட்டும். "யாரும் திட்டவில்லை. ஆனால், என்ன சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அதுதான் வலித்தது" என்றான். 'மிஷன் முடித்தவன்' என்பது இந்த ஊர்க் கல்யாணச் சந்தையிலும் ஒரு தகுதி என்பதால், முடிக்காதவர்கள் கேள்விகளில் இருந்து தப்பவே முடிவதில்லை. நம்மூரில் 'நீட்' கோச்சிங்கில் இருந்து பாதியில் வந்த பிள்ளையிடம் கல்யாண வீட்டில் கேட்போமே, அதே கேள்விகள்தான்.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறுகிறது. உடல், மனநலக் காரணங்களால் வெளியூர் போக முடியாதவர்கள், வீட்டில் இருந்தபடியே உணவு வங்கி போன்ற இடங்களில் சேவை செய்யும் 'சர்வீஸ் மிஷன்' முறையைச் சபை வளர்த்திருக்கிறது. அந்தப் பையனும் அப்படி ஒரு வருடம் செய்து முடித்திருக்கிறான். அதே கறுப்பு பேட்ஜ்தான்.

கோவைக்கும் ஒரு கதை

இந்தப் பயணங்கள் தமிழ்நாட்டையும் தொட்டிருக்கின்றன. 1950-களில் கோவையில் ஒரு பழைய புத்தகக் கடையில் ஒருவர் கையில் கிடைத்தது இந்தச் சபையின் துண்டுப் பிரசுரம். அவரே சபைக்குக் கடிதம் எழுதித் தொடர்புகொண்டு, 1965-ல் ஞானஸ்நானம் பெற்றார். அங்கே கதவைத் தட்டியது மிஷனரி அல்ல, ஒரு வாசகர்! பெங்களூருவில் இந்தியாவின் முதல் ஆலயத்துக்கான வேலை 2020 டிசம்பரில் தொடங்கியது.

யூட்டாவிலும் கதவுகள் இரு பக்கமும் திறக்கின்றன. புரோவோவுக்குப் பக்கத்தில் ஸ்பானிஷ் ஃபோர்க் என்ற ஊரில் இருக்கும் ராதா கிருஷ்ணர் கோயிலின் ஹோலிக்கு வருடாவருடம் பெரும் கூட்டம் சேர்கிறது. வண்ணப் பொடியில் குளிப்பவர்களில் ஏராளமானோர் மார்மன் மாணவர்கள்.

நம்பிக்கை எதுவானாலும், 18 வயதுப் பிள்ளையை வீட்டைவிட்டு அனுப்புவதற்குத் துணிச்சல் வேண்டும். போன பிள்ளை எப்போது, எப்படித் திரும்பி வந்தாலும் அதே பலூனோடு போய் நிற்பதற்கு, அதைவிடப் பெரிய துணிச்சல் வேண்டும்.