புதுத்தண்ணி மீன்

மேட்டூர் அணையைத் திறக்கிறப்ப முதலமைச்சர் பூ தூவுறதை டி.வி.யில பாத்திருப்பீங்க. உங்களுக்கு அத்தோட செய்தி முடிஞ்சுது. எங்களுக்கு அதுக்கப்புறம் ஒரு வாரம் தூக்கம் கிடையாது. ஜூன் 12 திறந்தா மூணு நாலு நாள்ல தண்ணி கல்லணைக்கு வரும். அங்க திறந்து, காவிரியில இருந்து பிரியுற குடமுருட்டி வழியா எங்க ஊர்ப் பாலத்துக்கு வர்றது, ஆறு எவ்வளவு காஞ்சு கிடக்குங்கிறதைப் பொறுத்தது. காஞ்ச மணல் முதல்ல தான் குடிச்சுட்டுத்தான் மேல விடும்.

முதத்தண்ணி வர்றதைப் பாத்தா ஏமாந்து போவீங்க. சினிமாவுல வர்ற மாதிரி பொங்கிக்கிட்டெல்லாம் வராது. ரெண்டு விரக்கடை உயரத்துல, நுரையும் சருகும் ஆட்டுப் புழுக்கையுமா, மணல்ல நாக்கை நீட்டி நீட்டி ஊர்ந்து வரும். முன்னால எறும்பு ஓடும், பூரான் ஓடும். பின்னால சின்னப் புள்ளைங்க ஓடும். பொம்பளைங்க மஞ்சளும் பூவும் போட்டுக் கும்பிடுவாங்க. அது முழங்கால் அளவு ஆகுறதுக்கு ராத்திரி ஆயிடும்.

அந்த ராத்திரிதான் மீன் ஏறும்.

கோடை முழுக்க ஆத்துல அங்கங்க கிடக்கிற மடுவுலயும், கோரை மண்டின குட்டையிலயும் ஒதுங்கிக் கிடந்த மீனுக்கு, புதுத்தண்ணி வாசம் எப்படித்தான் தெரியுமோ. கெண்டை, கெளுத்தி, குறவை, ஆரால் எல்லாம் தண்ணி வர்ற திசையைப் பாத்துத் திரும்பிடும். ஓட்டத்துக்கு எதிரா ஏறி, மதகு வழியா வாய்க்காலுக்குள்ள பூந்து, வாய்க்கால்ல இருந்து வயக்காட்டுக்கு வரும். எதுக்கு? முட்டை போட. வயல்ல தண்ணி கணுக்கால் அளவுதான் நிக்கும், வெதுவெதுன்னு இருக்கும், புழு பூச்சி நிறைய, பெரிய மீன் தொந்தரவு கம்மி. குஞ்சு வளர அதைவிட நல்ல இடம் ஆத்துல கிடையாது. பனையேறிக்கெண்டை இன்னும் ஒருபடி மேல. தண்ணி இல்லாத வரப்பு மேலயே செவுளை ஊன்றி நடந்து போகும். தரங்கம்பாடியில இருந்த டல்டார்ஃப்னு ஒரு டேனிஷ்காரர் அது பனைமரத்துலயே ஏறிக்கிட்டிருந்ததைப் பிடிச்சேன்னு எழுதி, அது 1797-ல லண்டன்ல அச்சாச்சு. பனை மேல ஏறி நான் பாத்ததில்லை. வரப்புல போனதை எத்தனையோ தடவை பாத்திருக்கேன்.

என் அத்தை பையன் ஸ்காட்லாந்துல பெர்த்னு ஒரு ஊர்ல இருக்கான். ஊருக்கு நடுவுல டே ஆறு ஓடுது. சால்மனுக்குப் பேர் போன ஆறு. (நம்மூர் மீன் கடையில இந்தியன் சால்மன்னு சொல்லி விக்கிறது காலா. அது வேற சாதி, ஏமாறாதீங்க.) வருஷா வருஷம் ஜனவரி 15-ம் தேதி அங்க தூண்டில் சீசன் திறக்கும். மேல கென்மோர்ங்கிற ஊர்ல பேண்டு வாத்தியம் வாசிச்சு, படகு மூக்குல விஸ்கி ஊத்தித் தொடங்கி வைப்பாங்களாம். "மச்சான், நீங்க ஆத்துக்கு மஞ்சத்தண்ணி ஊத்துறீங்க, இவனுங்க விஸ்கி ஊத்துறானுங்க, அவ்வளவுதான் வித்தியாசம்"னு சிரிச்சான்.

போன தை மாசம் பொங்கலுக்குப் போன் போட்டப்ப ஆத்தங்கரையில இருந்துதான் பேசினான். நண்பர் ஒருத்தரோட மீன் பிடிக்கப் போயிருக்கான். இடுப்பு வரைக்கும் ரப்பர் உடுப்பு மாட்டிக்கிட்டு, பனி மாதிரி சில்லுன்னு ஓடுற தண்ணிக்குள்ள காலையில இருந்து நிக்கிறானுங்க.

"எத்தனை கிடைச்சுது?"

"ஒண்ணும் கிடைக்கல மச்சான். கிடைச்சாலும் திரும்ப விட்டுடணும்."

"ஏன்?"

"சட்டம். மார்ச் 31 வரைக்கும் பிடிக்கிற எந்த சால்மனையும் வீட்டுக்குக் கொண்டு போகக்கூடாது. முள்ளைக் கழட்டித் தண்ணியில விட்டுடணும்."

2015-ல இருந்து இப்படியாம். முதல்ல வர்ற மீன் வருஷத்துக்கு வருஷம் குறைஞ்சுக்கிட்டே வந்ததால போட்ட சட்டம். அந்த மீன் கடல்ல இருந்து ஜனவரி பிப்ரவரியிலயே ஆத்துக்குள்ள வந்துடும். ஆனா முட்டை போடுறது அக்டோபர், நவம்பருக்கு மேலதான். அதுவரைக்கும் ஆத்துல ஒண்ணும் திங்காது. கடல்ல தின்ன கொழுப்பை வச்சே மாசக்கணக்கா விரதம் இருக்கும். அதைச் சொல்லிட்டு, "காசு கட்டி, குளிர்ல நின்னு, பிடிச்ச மீனை விட்டுட்டு வர்றவனை நம்மூர்ல என்ன சொல்லுவாங்க?"ன்னு கேட்டான். கிறுக்கன்னுதான் சொல்லுவோம். நானும் அப்படித்தான் சொன்னேன். போனை வச்ச பிறகு அந்தச் சிரிப்பு நிக்கல. காரணம் 2020.

அந்த வருஷம் எட்டு வருஷம் கழிச்சு ஜூன் 12-ல மேட்டூர் திறந்துச்சு. ஊரடங்கு நேரம். சென்னை, திருப்பூர்ல இருந்த பசங்கல்லாம் ஊர்ல இருந்தாங்க. கையில வேலை இல்ல, காசும் இல்ல. தண்ணி வருதுன்னதும் திருவிழா மாதிரி ஆயிடுச்சு. எங்க வாய்க்கால் தலைப்புல இருக்கிற மதகுல நானும் என் பையனும் பறி வச்சோம். தெரியாதவங்களுக்குச் சொல்றேன். பறிங்கிறது மூங்கில் பிளாச்சுல பின்னின கூடு. வாய் அகலமா இருக்கும், உள்ள போகப் போகக் குறுகும். போன மீன் திரும்பாது. மத்த நாள்ல வாயைத் தண்ணி வர்ற பக்கம் வச்சுக் கட்டுவோம். புதுத்தண்ணிக்கு மட்டும் திருப்பிக் கட்டணும், மீன் கீழ இருந்து ஏறி வரும்ல. அதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது அப்பா.

விடியக்காலை தூக்கினப்ப பறி அசையல. ரெண்டு பேரா இழுத்துக் கரையில கொட்டினோம். பதினோரு கிலோ. அத்தனையும் சினை. கெண்டையை லேசா அமுக்கினா முட்டை வழியுது. கெளுத்தி வயிறு பட்டாணி மூட்டை மாதிரி இருக்கு. பையன் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போட்டான். நாலு வீட்டுக்குக் கொடுத்தோம், மீதிக்கு மாங்காய் போட்டுக் குழம்பு.

அப்பா அப்ப எழுந்து நடக்க முடியாம கயித்துக் கட்டில்ல இருந்தாங்க. சாப்பாடு கொண்டு போய் வச்சேன். தட்டைப் பாத்தாங்க. குழம்புல முட்டைக் கொத்து மிதந்துச்சு.

"மொத நாளே வச்சியா?"

"ஆமாப்பா. எட்டு வருஷம் கழிச்சு வந்த தண்ணி."

"அதுக்கும் எட்டு வருஷம் கழிச்சு வந்த தண்ணிதானடா."

வேற ஒண்ணும் சொல்லல. மோர் ஊத்தச் சொல்லிச் சாப்பிட்டுட்டுப் படுத்துட்டாங்க. எனக்குக் கோபம்தான் வந்துச்சு. சின்னப் புள்ளையில அவங்க பறி தூக்கிப் பாத்தவன்தான் நான். ஆனா யோசிச்சா, தண்ணி வந்து ஒரு வாரம் பத்து நாள் கழிச்சுத்தான் பறியை எரவாணத்துல இருந்து எடுப்பாங்க. சோம்பேறித்தனம்னு நெனச்சிருந்தேன். பறியைத் திருப்பிக் கட்டுற வித்தையைச் சொல்லிக் கொடுத்தவங்க, என்னைக்கு கட்டணும்னு சொல்லிக் கொடுக்கலையே. சொல்லியிருப்பாங்க, எனக்குக் காது கேட்டிருக்காது. அடுத்த வருஷத் தண்ணிக்கு அவங்க இல்ல.

சால்மன் மாதிரியே நம்ம ஆத்துலயும் ஒண்ணு இருந்துச்சு. உல்லம். வங்காளிங்க இலிஷ்னு உசுரை விடுற மீன். கோதாவரிக்காரங்க புலசன்னு சொல்லி, தாலியை வித்தாவது தின்னணும்னு பழமொழி வச்சிருக்கிற அதே மீன். கடல்ல வளர்ந்து, வெள்ளம் வர்றப்ப நல்ல தண்ணியில முட்டை போட ஆறு ஏறும். கொள்ளிடத்துல அப்படி ஏறி வந்துக்கிட்டிருந்த மீன்தான். 1836-ல ஆர்தர் காட்டன் காலத்துல கொள்ளிடத்துல அணை கட்டினாங்க. அந்த அணை இல்லாம எங்க சோறு இல்ல, அதையும் சொல்லணும். மீன் ஆராய்ச்சி பண்ணின பிரான்சிஸ் டே, இந்த மாதிரி அணைகள் மீன் ஏறுற வழியை அடைக்குதுன்னு வெள்ளைக்கார சர்க்காருக்கே எழுதினார். 1873-ல அவரோட நன்னீர் மீன் அறிக்கை வந்துச்சு. அப்புறம் 1934-ல மேட்டூர். வெள்ளத்தோட கணக்கே மாறிப்போச்சு. உல்லம் எங்க தாத்தா பேச்சுல வந்த மீன். நான் தின்னதில்லை.

அணையைக் குத்தம் சொல்றது சுலபம். பதினோரு கிலோ கெண்டையை எந்த அணையும் பிடிக்கல.

2024-ல மேட்டூர் திறந்தது ஜூலை 28. குறுவை போச்சு. மடுவெல்லாம் வெடிச்சுக் கிடந்துச்சு. தண்ணி வந்தப்ப என் பையன் சும்மா தூண்டில் போட்டான். நாக்குப்பூச்சி மாட்டி மூணு மணி நேரம் உக்காந்து, ரெண்டு ஜிலேபியும் ஒரு ஆப்பிரிக்கக் கெளுத்தியும் கிடைச்சுது. ரெண்டுமே வந்தேறி. நாட்டுக் கெண்டை ஒண்ணு கூட இல்ல. ராத்திரியானா பேட்டரி மாட்டி, கம்பியைத் தண்ணியில விட்டு ஷாக் அடிக்கிற கும்பல் வேற வருது. பெருசு சிறுசு, முட்டை குஞ்சு எல்லாம் வெள்ளை வயித்தைக் காட்டி மிதக்கும். வேணுங்கிறதைப் பொறுக்கிட்டு மிச்சத்தை விட்டுட்டுப் போவானுங்க. ஒரு தடவை கேட்கப் போய் அடிதடி ஆகத் தெரிஞ்சுது. "நீ மட்டும் மதகுல பறி வைக்கலையா?"ன்னான் ஒருத்தன். பதில் இல்லாம வந்தேன். கடல்ல ஏப்ரல் 15-ல இருந்து 61 நாள் விசைப்படகு போகக்கூடாதுன்னு உங்களுக்கே தெரியும், மீன் விலை ஏறும்ல. எங்க வாய்க்காலுக்கு அப்படி ஒரு பேச்சு பேசி நான் கேட்டதில்லை.

2025-ல ஜூன் 12-லயே திறந்தாங்க. தண்ணி வந்த ராத்திரி நானும் பையனும் டார்ச் லைட்டோட மதகுல போய் உக்காந்தோம். பறி எடுத்துட்டுப் போகல. பக்கத்து வயக்காரர் பறியோட வந்தார். எனக்குச் சித்தப்பா முறை. "ஒரு பத்து நாள் பொறுங்களேன் சித்தப்பா"ன்னேன். "நீ வைக்கலேன்னா எனக்கு நல்லதுதானே"ன்னு சிரிச்சுக்கிட்டே இறங்கினார். அவர் சொன்னதுலயும் தப்பில்ல, அன்னைக்கு நான் வச்சிருந்தா அவர் வச்சிருக்க மாட்டார். கடைசியில மதகுல ரெண்டு கண்ணுல ஒரு கண்ணை மட்டும் அடைச்சுக் கட்டினார், இன்னொண்ணைத் திறந்து விட்டார். டார்ச் அடிச்சுப் பாத்தோம். திறந்த கண்ணுல தண்ணி தெறிச்சு விழுற இடத்துல கெண்டை எகிறும், விழும், திரும்ப எகிறும். விரல் நீளம்கூட இல்லாத மீன். அத்தை பையனுக்கு வீடியோ அனுப்பினேன். கிறுக்கன்னு திருப்பி அனுப்பினான்.

ஜூலையில நடவு முடிஞ்சு நாலாம் நாள். களைக்கொல்லி போட ஆள் வந்தாச்சு. வயலை ஒரு சுத்து சுத்தி வந்தேன். வடிகால் வாய்க்கால் ஓரமா, கோரைக்குப் பக்கத்துல, தண்ணி மேல குங்குமத்தைக் கொட்டின மாதிரி செக்கச்செவேல்னு ஒரு திட்டு நகருது. விரால் குஞ்சு. நூத்துக்கணக்குல, ஒரே பந்தா. மூச்சு வாங்க மேல வர்றப்ப அந்த இடம் மட்டும் தூறல் விழுற மாதிரி புள்ளி புள்ளியா கொதிக்கும். அடியில தாயோ தகப்பனோ கருப்பா நிழல் மாதிரி நின்னுச்சு. விரால் குஞ்சை விட்டு நகராது. அதனாலதான் அதைப் பிடிக்கிறதும் சுலபம், குஞ்சு பக்கத்துல தவளையைக் கட்டித் தூண்டில் ஆட்டினா போதும், கோபத்துல கவ்விடும். நான் அப்படிப் பிடிச்சிருக்கேன். தகப்பன் போன பிறகு அந்தச் சிவப்புத் திட்டு சாயங்காலத்துக்குள்ள கெளுத்திக்கும் கொக்குக்கும் தீனி.

வந்த ஆளைத் திருப்பி அனுப்ப முடியல, கூலி அறுநூறு. மருந்து போட்டாச்சு. வடிகால் மடையை மண்ணு வச்சு அடைச்சு, மேல வாழைச் சருகு திணிச்சு மிதிச்சேன். மருந்துத் தண்ணி வெளிய போகாம ஒரு வாரம் வயல்லயே நின்னுச்சு. பள்ளப் பக்கம் பயிர் மஞ்சளடிச்சுப் போச்சு. வீட்டுக்காரி பாத்துட்டு, யூரியா எவ்வளவு போடணும்னு கேட்டா. தினமும் காலையில பல்லு விளக்கிக்கிட்டே வாய்க்கால் வரைக்கும் போய்ப் பாத்துட்டு வந்தேன். எட்டாம் நாள் குஞ்செல்லாம் சிவப்பு மங்கிப் பழுப்படிக்க ஆரம்பிச்சிருந்துச்சு. சித்தப்பா வரப்புல நின்னு பீடி பத்த வச்சுக்கிட்டே அதைத்தான் பாத்துக்கிட்டிருந்தார். "பெருசு ரெண்டு கிலோ தேறும்டா"ன்னார். "தேறும் சித்தப்பா"ன்னேன். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே நின்னோம். அப்புறம் அவர் மாட்டை ஓட்டிக்கிட்டுப் போனார், நான் யூரியா வாங்கக் கிளம்பினேன்.