நழுவிய செயினும் என் சிக்கனமும்

"அம்மா, மறுபடியும் செயின் வழுக்கிடுச்சு!"

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலில் நின்றாள் என் பெண். முகவாயில் ரத்தம். சிம்ஸ் பார்க் மேட்டில் எழுந்து நின்று பெடலை மிதித்திருக்கிறாள். 'கடக்' என்று ஒரு சத்தம். காற்றை மிதித்த மாதிரி கால் கீழே போக, முகவாய் ஹாண்டில்பாரில் மோதியிருக்கிறது. பின்னால் வந்த ஜீப்காரர் சமயத்தில் பிரேக் போட்டது எங்கள் குலதெய்வத்தின் புண்ணியம்.

எங்களுக்குக் குன்னூர். பஸ் ஸ்டாண்ட் பக்கம் கீழே வீடு. மேல் குன்னூரில் அவளுடைய டியூஷன். முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு என்று மலைப் பாதைக்கென்றே வரும் கியர் சைக்கிள் அது. மூன்று வருஷமாக மழையிலும் சேற்றிலும் உழைத்திருக்கிறது.

காயத்தில் மருந்து வைத்தபடியே என் கணவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "போதும். அதை யாருக்காவது கொடுத்துடு. நாளையிலேருந்து பஸ்ஸிலே போகட்டும்."

அவள் அழவில்லை. "எனக்குத்தான் ஓட்டத் தெரியலையோம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

பத்து நாள் முன்பு இதே புகாருடன் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் அளந்து பார்த்துவிட்டு, "செயின் நீண்டு போச்சும்மா. பின்பல்லும் தேஞ்சிருக்கு. ரெண்டையும் சேர்த்து மாத்திடுங்க" என்றார். ஒன்றுக்குப் போனால் இரண்டை விற்கப் பார்க்கிறாரே! "செயின் மட்டும் போடுங்க, போதும்" என்று கறாராகச் சொல்லிவிட்டேன். புதுச் செயின் போட்ட பிறகு வழுக்கல் அதிகமாயிற்றே தவிர நிற்கவில்லை. மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சண்டைக்குத்தான் போனேன். அவர் பதில் பேசாமல் மூலையில் கிடந்த எங்கள் பழைய செயினை எடுத்து, அதே எண்ணிக்கைக் கண்ணியுள்ள புதுச் செயின் ஒன்றோடு ஒரே ஆணியில் மாட்டினார். பழையது அரை அங்குலத்துக்கு மேலேயே கீழிறங்கித் தொங்கியது!

இரும்பு எங்காவது ரப்பர் மாதிரி நீளுமா? நீளாதாம். பல வருஷம் போட்ட தங்கச் சங்கிலியில் வளையமும் வளையமும் உரசுகிற இடம் மெலிந்து போகிறதல்லவா, அதே கதைதான். கண்ணிகளைக் கோக்கும் ஊசிகள் ஒவ்வொன்றும் மயிரிழை தேய்ந்தால் போதும். நூற்றுச் சொச்சம் ஊசியும் சேர்ந்து அரை அங்குலத்தை எட்டிவிடும். அப்படி நீண்ட செயின், பல்சக்கரத்தையும் தன் அளவுக்குத் தேய்த்துக் கெடுத்துவிடுகிறது. பழசும் பழசும் ஓரளவு ஒத்துப்போய் ஓடும். புதுச் செயின் அந்தப் பல்லில் சரியாக உட்காராது. அழுத்தி மிதித்தால் பல்லின் மேல் ஏறிக் குதிக்கும். பணத்தை மிச்சம் பிடித்து நானே என் பெண்ணை விழ வைத்திருக்கிறேன்.

"எந்தப் பல்லிலே வழுக்குதுன்னு பாப்பாகிட்ட கேட்டீங்களா?" என்றார் அவர். அந்த ஒரு கேள்வியை நான் கேட்கவேயில்லை. வீட்டுக்கு வந்து கேட்டால், "மேடு ஏறப் போடற ரெண்டு கியர்லே மட்டும்தாம்மா" என்கிறாள். அதிகம் உழைத்த பல்தானே முதலில் தேயும்!

எல்லாப் பல்லிலும், சில சுற்றுக்கு ஒரு தரம் தாளம் தப்பாமல் குதித்தால் அது வேறு வியாதி. ஏதோ ஒரு கண்ணி மடங்காமல் விறைத்திருக்கிறது என்று அர்த்தம். பெடலை மெல்லப் பின்னோக்கிச் சுற்றினால், கியர் மாற்றியின் குட்டிச் சக்கரத்தை அது கடக்கும்போது ஒரு துள்ளல் தெரியும். அந்தக் கண்ணியைப் பக்கவாட்டில் லேசாக வளைத்துக் கொடுத்தால் பெரும்பாலும் இளகிவிடும். பின்பக்கம் பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கி 'டிக் டிக்' என்றால் கேபிள் தளர்ந்திருக்கிறது. கியர் மாற்றியில் கேபிள் நுழையும் இடத்துத் திருகை இடப்பக்கமாக அரைச் சுற்று திருப்பிப் பார்க்கலாம். சைக்கிள் வலப்பக்கமாக விழுந்த பிறகு தொல்லை ஆரம்பித்ததானால், கியர் மாற்றியைத் தாங்கும் துண்டு வளைந்திருக்கும். அதைக் கடையில்தான் நிமிர்த்த வேண்டும். அப்படியே ஓட்டினால் செயின் கம்பிகளுக்குள் போய் மாட்டிக்கொள்ளும்.

செயினை நாமே அளக்கலாம். பள்ளிக்கூடத்து ஸ்கேல் இதற்குப் பற்றாது. தையல் டேப்பும் வேண்டாம், துணி இழுபடும். தச்சர் வைத்திருக்கிற இரும்பு டேப் வேண்டும். பெடலை லேசாக அழுத்திச் செயினை விறைப்பாக வைத்து, ஓர் ஊசியின் நடுவிலிருந்து எண்ணி 24 ஊசி தள்ளி அளந்தால் புதுச் செயினில் சரியாக 12 அங்குலம் இருக்கும். 1/16 அங்குலம் கூடினால் செயினை மட்டும் மாற்றித் தப்பிக்கலாம். 1/8 கூடிவிட்டால் பின்பல்லும் அநேகமாகப் போயிருக்கும். எங்களுடையது அதையும் தாண்டியிருந்தது.

எண்ணெய் விஷயத்திலும் நான் கெட்டிக்காரி இல்லை. தேங்காயெண்ணெயைத் தாராளமாக ஊற்றி வந்தேன். குன்னூர்க் குளிரில் குளியலறைப் பாட்டிலிலேயே அது உறைந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டே! உறைந்த எண்ணெயும் மண்ணும் சேர்ந்தால் அரைக்கும் விழுதுதான். இப்போது செயினைத் துணியால் துடைத்து, செயினுக்கென்று விற்கும் எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டாக உள்பக்கம் விட்டு, பெடலைப் பின்னால் சுற்றி, வெளியே கசிந்ததைச் சுத்தமாகத் துடைத்துவிடுகிறேன். (முந்தானையை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு உட்காருங்கள். சுற்றும்போது விரல் பல்சக்கரத்துப் பக்கம் போகவே கூடாது.)

பின்பல்லை மாற்றியாயிற்று. பழைய செயினை வீட்டுக்குக் கொண்டுவந்து கணவரிடம் விவரம் சொன்னேன். "அப்போ அவ மேலே தப்பில்லை" என்றார். என் மேல் என்று அவர் சொல்லவில்லை.

மறுபடி டியூஷன் கிளம்பிய அன்று, அவளுக்குத் தெரியாமல் ஆட்டோவில் பின்னாலேயே போனேன். அதே மேட்டில் எழுந்து நின்று மிதித்தாள். 'கடக்' சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஆட்டோ போட்ட இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. சிம்ஸ் பார்க் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏம்மா, உனக்குப் பஸ் கிடைக்கலையா?" என்றாள்.