நெருங்கிய சொற்களும் தாய்மொழித் துணையும்



"ஐயா, பிள்ளைக்கு ஆங்கிலம் வரவேண்டும் என்பதற்காக வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டோம்" என்று பெற்றோர் சிலர் என்னிடம் கூறுவதுண்டு. அவர்களின் கவலையை நான் குறைகூறேன். ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் பிள்ளையை மலாயும் ஆங்கிலமும் சூழ்ந்துகொள்கின்றன. ஆயினும், தமிழை நிறுத்துவது ஆங்கிலத்திற்கே இழப்பாகிறது என்பது வகுப்பறையில் நான் கண்ட உண்மை.

ஆங்கிலத்தில் நம் பிள்ளைகள் மிகுதியாகத் தடுமாறுவது அருஞ்சொற்களில் அன்று. பொருள் நெருங்கிய எளிய சொற்களில்தான். 'பாரோ' என்பது இரவல் வாங்குதல்; 'லெண்ட்' என்பது இரவல் கொடுத்தல். பேச்சு மலாயில் 'பிஞ்ஜாம்' எனும் ஒரே சொல் இரண்டிற்கும் பயன்படுகிறது. அந்தப் பழக்கத்தில், பேனாவைக் கேட்கும் பிள்ளை 'பாரோ மீ' என்று சொல்லிவிடுகிறது. தமிழிலோ வாங்குவது வேறு, கொடுப்பது வேறு. "பேனா யார் கைக்குப் போகிறது?" என்று தமிழில் ஒரு வினா எழுப்பினால் போதும், பிள்ளை உரிய சொல்லைத் தானே தெரிந்தெடுக்கிறது.

'பிரிங்', 'டேக்' என்பனவும் இத்தகையனவே. மலாயில் இரண்டிற்கும் 'பாவா' என்பர். தமிழில் கொண்டு வருதலும் கொண்டு போதலும் மழலைப் பருவத்திலேயே பிரிந்துவிடுகின்றன. வருதலும் தருதலும் தன்மை, முன்னிலை இடங்களுக்கு உரியன. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன என்று தொல்காப்பியச் சொல்லதிகாரம் வகுத்துள்ளது. பேசுபவர் அல்லது கேட்பவர் இருக்கும் இடம் நோக்கி வந்தால் 'பிரிங்'. வேறிடம் நோக்கிச் சென்றால் 'டேக்' என்னும் ஆங்கில வழக்கும் பெரும்பாலும் இதனோடு ஒத்துப்போகிறது.

பேச்சுத் தமிழில் மங்கிய வேறுபாடுகளும் உள்ளன. ஓசை காதில் விழுந்தாலும், பாடத்தை உன்னிப்பாகக் கேட்டாலும், ஐயம் வினவினாலும் 'கேட்டேன்' என்றே சொல்கிறோம். ஆனால் 'செவிமடு' என்ற சொல்லை அறிந்த பிள்ளைக்கு 'லிசன்' புதிதன்று. காதில் தானாக விழுவது 'ஹியர்'. மனம் வைத்துக் கேட்பது 'லிசன்'. அவ்வாறே, கண்ணில் படுவதைக் காண்கிறோம், அது 'சீ'. கண்ணை ஒன்றின்மீது செலுத்தி நோக்குகிறோம், அது 'லுக்'. நிகழ்வதைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருப்பது 'வாட்ச்'. 'பார்' என்ற ஒரு சொல்லோடு நின்றுவிட்ட பிள்ளைக்கு இம்மூன்றும் ஒன்றாகவே தோன்றும்.

எல்லா இணைகளுக்கும் தமிழில் நேர்ச்சொற்கள் உண்டு என்று நான் வாதிடவில்லை. 'சே', 'டெல்' இரண்டையும் நாம் 'சொல்' என்றே பெயர்க்கிறோம். 'டெல்' என்றால் பெரும்பாலும் யாரிடம் என்பது அடுத்தே வரவேண்டும். 'சே' என்பதற்கு அக்கட்டாயம் இல்லை. இதனைத் தனியே பயிற்றத்தான் வேண்டும். அவ்விளக்கத்தையும் பிள்ளை நன்கறிந்த மொழியில் கூறினால் மனத்தில் பதிகிறது.

ஆசிரிய நண்பர்களே, நெருங்கிய பொருளுடைய சொற்களைப் பட்டியலாக மனனம் செய்விப்பதினும், ஒரே நிகழ்வை இரு சொற்களாலும் சொல்லவைத்து, பொருள் எங்கே மாறுகிறது என்று வினவுவது பயன் தரும். பெற்றோர்களே, அகராதியில் பொருள் பார்க்கலாம். ஆனால் இரு பொருள்களுக்கிடையே உள்ள வேறுபாட்டை உணரும் திறன் முதலில் வீட்டு மொழியில்தான் முளைவிடுகிறது. உண்ணும்போதும் கடைக்குச் செல்லும்போதும் பிள்ளையுடன் நிறைவான தமிழில் உரையாடுங்கள். 'வை' என்று மட்டும் சொல்லாமல் அடுக்கு, சாய்த்து வை, கவிழ்த்து வை என்று சொல்லுங்கள். சொற்களுக்கிடையே வேறுபாடு காணப் பழகிய பிள்ளை, ஆங்கிலத்திலும் அதனைத் தேடும்.